குருக்லோயே ஏரிக்கரையில் ஒரு பிரிகீத்கா: ரஷ்ய ஜிம்னாஸ்டிக்ஸ் கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன். மாநில அளவிலான போட்டிகளில் பல ஆண்டுகள் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலியைச் சம்பாதித்தவன். ரஷ்யாவுக்குப் போனதில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாக அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்து வருகிறேன். ஒளிப்பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தே இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் தேய்ந்துவிட்டன. ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதாவது பெண்களுக்கு வால்ட் (ஓடி வந்து கையூன்றித் தாண்டுவது), பார் (கம்பியில் சுழல்வது), பீம் (ஒடுங்கிய உத்தரத்தின் மேல் ஆடுவது), ஃப்ளோர் (தரைவிரிப்பில் ஆடுவது). ஆண்களுக்குப் பீம் கிடையாது, வளையம், பொம்மல் குதிரை போன்றவை உண்டு. இந்த வரியை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தேன்மொழி, ஈரோடு: ஒலிம்பிக் நெருங்கும்போது ரஷ்ய அணி எங்கே, எப்படித் தயாராகிறது? ஏதாவது ரகசிய முறை இருக்கிறதா?

நல்ல கேள்வி. இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இடத்தின் பெயர் குருக்லோயே. ரஷ்ய மொழியில் 'வட்டமானது' என்று பொருள். மாஸ்கோவுக்கு வடக்கே உள்ள ஓர் ஏரியின் பெயர் அது. அந்த ஏரிக்கரையில் சோவியத் காலத்திலிருந்தே தேசிய அணியின் பயிற்சி முகாம் இருக்கிறது. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் அங்கேதான். வோரோனெஷ், பென்சா, ரஸ்தோவ் என்று ஊர் ஊராக வளர்ந்த பிள்ளைகள், தங்களைச் சிறுவயதில் உருவாக்கிய சொந்தப் பயிற்சியாளர்களோடு அங்கே வந்து தங்குகிறார்கள். ஆண்டில் பாதிக்கு மேல் அங்கேயே கழியும். நாளுக்கு இரண்டு வேளை பயிற்சி, சில கட்டங்களில் மூன்று வேளை.

முகாமின் தொடக்கத்தில் துண்டு துண்டாக வேலை நடக்கும். ஒரு சுழற்சி, ஒரு இறக்கம், பஞ்சு நிரப்பிய குழியில் நூறு தடவை. பிறகு இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்ப்பார்கள். பிறகு அரை நிகழ்ச்சி. பிறகு முழு நிகழ்ச்சி. போட்டி நெருங்க நெருங்க முழு நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை ஏறும். கடைசி வாரத்தில் சட்டென்று இறங்கும். உடல் ஓய்வெடுக்க வேண்டும், தசை நினைவு மட்டும் விழித்திருக்க வேண்டும்.

ரகசியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதன் பெயர் 'பிரிகீத்கா'. 'குத்துமதிப்பாகப் போட்டுப் பார்ப்பது' என்று வைத்துக்கொள்ளலாம். முகாமுக்குள்ளேயே ஒரு பொய்ப் போட்டி. போட்டி உடை போட வேண்டும். மேசை போட்டு நடுவர்கள் உட்காருவார்கள். பெயர் அழைப்பார்கள். கையைத் தூக்கி வணங்கிவிட்டு ஏற வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் தவறியதுதான், 'இன்னொரு தடவை' கிடையாது. உடல் சூடு ஆறிப்போகும்படி வேண்டுமென்றே காக்க வைப்பதும் உண்டு. ஏனென்றால் உண்மையான போட்டியில் உங்களுக்கு முன்னால் ஏறியவரின் மதிப்பெண் வர ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த ஐந்து நிமிடமும் ஆறிய உடலோடு நின்றுவிட்டு, 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பீமில் ஏற வேண்டும்.

அணி இறுதிச் சுற்றில் ஒரு கருவிக்கு மூவர் ஏறுவார்கள், மூவரின் மதிப்பெண்ணும் சேரும். மோசமானதைக் கழித்துவிடும் சலுகை இல்லை. நூறு முறையில் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் செய்பவர் நம் கண்ணுக்கு மேதை. குருக்லோயேயில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளருக்கு அந்த மீதி ஐந்துதான் கவலை. ஆறிய உடலோடு முதல் முயற்சியிலேயே நிற்பவர் யார் என்று பார்த்துத்தான் அணியை முடிவு செய்கிறார்கள். தேசியச் சாம்பியன் போட்டியும் கோடையில் நடக்கும் ரஷ்யக் கோப்பையும் வடிகட்டிகள். கடைசிச் சல்லடை இந்தப் பிரிகீத்கா.

ரிப்பன் ரசிகை: ரிப்பனை வைத்துக்கொண்டு ஆடும் பெண்களும் அதே ஏரிக்கரையில்தான் பயிற்சி எடுக்கிறார்களா?

இல்லை. அது ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ். அவர்களுடைய முகாம் நோவோகோர்ஸ்க். என் துறையும் அல்ல.

ஒரு அம்மா, திருச்சி: என் மகளுக்கு ஆறு வயது. ரஷ்யப் பிள்ளைகளைப் போல அவளுக்கும் கால் விரிப்பு வர வேண்டும். வீட்டில் நாங்களே இரு பக்கமும் பிடித்து அமுக்கிப் பழக்குகிறோம். சரிதானே?

சரியில்லை. உடனே நிறுத்துங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் இடுப்பு மூட்டும் தொடைத் தசையும் உங்கள் கை பலத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அழுகிற பிள்ளையின் முழங்காலில் பெரியவர் உட்காரும் ஒளிப்பதிவுகளை நானும் பார்த்திருக்கிறேன். அவை பழைய தலைமுறையின் வெட்கக்கேடு, பாடத்திட்டம் அல்ல. உடல் சூடான பிறகு, குழந்தை தானாக இறங்கும் அளவு வரை, தினமும் சில நிமிடம். அதுவும் கற்ற பயிற்சியாளர் முன்னிலையில். வீட்டில் அமுக்காதீர்கள். இதை இன்று இன்னும் எத்தனை முறை சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை.

கதிர்: ருமேனியாவின் நாதியா கோமனேச்சி அந்தக் காலத்தில் வாங்கிய முழு மதிப்பெண் 10 எங்கே போயிற்று? இப்போது 14, 15 என்று வருவது புரியவில்லை.

2006-இல் முறை மாறியது. இப்போது இரண்டு கணக்கு. முதலாவது கடின மதிப்பெண்: நீங்கள் செய்யும் அசைவுகளின் விலைப்பட்டியல். பெண்களுக்கு மிகக் கடினமான எட்டு அசைவுகளின் விலையைக் கூட்டுவார்கள், இணைப்புகளுக்குக் கொஞ்சம் சேர்ப்பார்கள். மேல் வரம்பு இல்லை. இரண்டாவது செய்நேர்த்தி: 10-இல் தொடங்கி வெட்டிக்கொண்டே போவார்கள். கால் விரல் மடங்கினால் 0.1, விழுந்தால் முழுசாக 1.0. கடினம் 5.8, நேர்த்தி 8.4 என்றால் 14.2.

ஆகவே யாராவது '14.2 வாங்கினாள்' என்றால் உடனே 'அதில் கடினம் எவ்வளவு?' என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் ரஷ்யர் நன்றாகச் செய்தார், அமெரிக்கர் நன்றாகச் செய்தார் என்று பேசுவது, காய்கறிக்கடை ரசீதில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு தக்காளி விலையைப் பற்றிச் சண்டை போடுவது மாதிரி.

முருகேசன், தூத்துக்குடி: கடைசி நேரத்தில் யாரும் எதிர்பாராத ஒரு புது வித்தையைக் கற்றுக்கொண்டு போய் எதிராளியைத் திகைக்க வைப்பார்களா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் என் நினைவுக்கு வருவது சோவியத் வீராங்கனை எலெனா முகினா.

1978-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் உலகச் சாம்பியன் ஆனவர். அடுத்த ஆண்டு கால் முறிந்தது. மாஸ்கோ ஒலிம்பிக் 1980 ஜூலையில். சொந்த மண்ணில் நடக்கும் ஒலிம்பிக்கில் அவர் இல்லாமல் முடியாது என்று மேலிடம் நினைத்தது. எலும்பு முழுதாகக் கூடும் முன்பே முகாமுக்குத் திரும்ப வைத்தார்கள். ஃப்ளோர் நிகழ்ச்சியில் தாமஸ் சால்ட்டோ என்ற அசைவைச் சேர்க்கச் சொன்னார்கள். அமெரிக்க ஆண் வீரர் கர்ட் தாமஸின் பெயரால் வழங்குவது. காற்றில் ஒன்றரைக் குட்டிக்கரணம், அதோடு திருகல், முடிவில் காலில் இறங்காமல் உருண்டு எழ வேண்டும். உயரம் போதவில்லை என்றால் தரையைத் தொடுவது தாடையோ கழுத்தோதான். பலவீனமான காலால் எம்ப வேண்டிய அசைவு இது என்பதைக் கவனியுங்கள்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு மின்ஸ்க் நகர முகாமில் அதைச் செய்தபோது கழுத்தெலும்பு முறிந்தது. அவருடைய பயிற்சியாளர் அன்று ஊரில் இல்லை. இருபது வயதில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, 26 ஆண்டுகள் அப்படியே வாழ்ந்து, 2006 டிசம்பரில் இறந்தார். அந்த அசைவைப் பெண்கள் செய்யக் கூடாது என்று பின்னால் தடை வந்தது. உருண்டு இறங்கும் அசைவுகள் இப்போது ஆண்களுக்கும் இல்லை.

என் பதில் இதுதான்: நல்ல முகாமில் கடைசி வாரங்களில் புதிதாக எதுவும் சேராது. கழியும். சந்தேகமாக இருக்கும் இணைப்பை எடுத்துவிட்டு எளிதான ஒன்றை வைப்பார்கள். 0.3 புள்ளி குறையும், பிள்ளை நிற்கும். பார்வையாளர்களுக்கு இது சப்பென்று இருக்கும், இருக்கட்டும்.

சமையல் பிரியன்: அவர்கள் என்னதான் சாப்பிடுகிறார்கள்?

பக்வீட் கஞ்சி, சூப், இறைச்சி, பாலாடைக்கட்டி. எடை பார்க்கும் இயந்திரம் பக்கத்திலேயே இருக்கும்; முந்தைய தலைமுறைகளில் அந்த இயந்திரம் செய்த கொடுமைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. உங்கள் பிள்ளைக்கு உங்கள் வீட்டுச் சாப்பாடே போதும்.

விஜயா: ரஷ்யாவின் அலினா கபாயேவா ஏன் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கவில்லை?

கையில் வைத்து ஆடும் வளையம் உருண்டு மேடையை விட்டு வெளியே போய்விட்டது. இதுவும் ரிதமிக். ரிதமிக் எனக்குத் தெரியாது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

அருள்: நம் தீபா கர்மாகர் செய்தது ரஷ்ய வால்ட் என்கிறார்களே. ரஷ்யர்களே அதை ஏன் செய்வதில்லை?

புரோடுனோவா வால்ட். ரஸ்தோவைச் சேர்ந்த எலெனா புரோடுனோவா 1999-இல் செய்து காட்டியது. கையூன்றி எழும்பி முன்பக்கமாக இரண்டு முழுக் கரணம். முன்பக்கம் சுழல்பவருக்குத் தரை கடைசி நொடி வரை கண்ணில் படாது, அதனால்தான் ஆபத்து. சுழற்சி கொஞ்சம் கூடினால் பிட்டம் தரையில், குறைந்தால் கழுத்து.

2016 ரியோவில் அதன் கடின மதிப்பு 7.0. மற்ற எல்லா வால்ட்டையும்விட அதிகம். தீபா கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் இறங்கியும் அந்த ஒரு வால்ட்டுக்கு 15.266 கிடைத்தது. இரண்டு வால்ட்டின் சராசரி 15.066, நான்காம் இடம். வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் ஸ்டைன்க்ரூபர் 15.216. ரஷ்யாவின் மரியா பசேகா புரோடுனோவா பக்கமே போகாமல், தனக்குக் கைவந்த இரண்டு வால்ட்டைச் செய்து 15.253-உடன் வெள்ளி வாங்கினார்.

உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. பின்பக்கம் சுழலும் வால்ட்டுகளை ஐந்து வயதிலிருந்து பழக்கும் நாட்டுக்கு இந்தச் சூதாட்டம் தேவையில்லை. அகர்தலாவில் வசதியில்லாத கூடத்தில், பிஷ்வேஷ்வர் நந்தி என்ற ஒரு பயிற்சியாளரை நம்பி வளர்ந்த பெண்ணுக்கு, பதக்கத்தின் அருகே போக அது ஒன்றுதான் வழி. தீபாவின் துணிச்சலுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் உங்கள் பள்ளியில் யாராவது 'புரோடுனோவா சொல்லித்தருகிறேன்' என்று வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடுங்கள். பிற்பாடு அதன் மதிப்பைச் சர்வதேசக் கூட்டமைப்பே குறைத்துவிட்டது.

பிரகாஷ்: 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ரஷ்யப் பெண்கள் வாங்கிய அணித் தங்கம் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் போட்டியிலிருந்து விலகியதால் கிடைத்த பிச்சை. ஒப்புக்கொள்வீர்களா?

பிச்சை என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு கணக்கைப் பார்ப்போம்.

தகுதிச் சுற்றில் பைல்ஸ் நான்கு கருவிகளிலும் ஏறினார். அந்தச் சுற்றின் முடிவு: ரஷ்யா 171.629, அமெரிக்கா 170.562. பைல்ஸ் இருந்தபோதே ரஷ்யா ஒரு புள்ளிக்கு மேல் முன்னால்.

இறுதிச் சுற்று: ரஷ்யா 169.528, அமெரிக்கா 166.096. இடைவெளி 3.432.

பிரகாஷ்: தகுதிச் சுற்று வேறு, இறுதிச் சுற்று வேறு. அவர் இருந்திருந்தால் 3 புள்ளியை ஊதித் தள்ளியிருப்பார்.

ஊதட்டும், பார்ப்போம். தகுதிச் சுற்றில் பைல்ஸ் எடுத்தவை: வால்ட் 14.966, பார் 14.566, பீம் 14.066, ஃப்ளோர் 14.133. இறுதிச் சுற்றில் வால்ட்டில் அவர் எடுத்தது 13.766, அதோடு விலகினார். அவருக்குப் பதிலாகப் பாரில் ஜோர்டன் சைல்ஸ் 14.166, பீமிலும் அவரே 13.433, ஃப்ளோரில் சுனி லீ 13.666. வித்தியாசங்களைக் கூட்டுங்கள்: 1.200, 0.400, 0.633, 0.467. ஆக மொத்தம் 2.700. அமெரிக்காவின் கணக்கில் சேர்த்தால் 168.796. அப்போதும் ரஷ்யா 0.732 முன்னால்.

கணக்குப் பிள்ளை: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஃப்ளோரில் சைல்ஸ் விழுந்து 11.700 வாங்கினாரே? பைல்ஸ் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பெண் பதறி விழுந்திருப்பாரா? அதையும் சேர்த்தால் அமெரிக்காவுக்குத் தங்கம்.

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன், சைல்ஸ் நின்றிருந்தால் 13-க்கு மேல் வந்திருக்கும், இடைவெளி காணாமல் போயிருக்கும். சூடே ஏறாத உடலோடு, தயாராகாத கருவிகளில் அவரை ஏற்றினார்கள். அதன் களைப்பு ஃப்ளோரில் தெரிந்தது என்று வாதிடவும் இடமிருக்கிறது.

ஆனால் 'விழாதிருந்தால்' என்ற சலுகையை ஒரு பக்கத்துக்கு மட்டும் தருவீர்களா? பீமில் ரஷ்யர் இருவர் விழுந்தார்கள்: உரஸோவா, மெல்னிகோவா. விழுந்ததற்கு மட்டுமே இரண்டு புள்ளி. அதைத் திருப்பிக் கொடுங்கள், மறுபடியும் ரஷ்யா.

பிரகாஷ்: அப்படியானால் ரஷ்யர்களும் பதறினார்கள் என்றுதானே அர்த்தம்? உங்கள் பிரிகீத்கா என்ன ஆயிற்று?

இதற்காகவே காத்திருந்தேன்.

ஆம், பதறினார்கள். பீமில் ஏறும்போது கையில் இரண்டரைப் புள்ளி முன்னிலை இருந்தது, இறங்கும்போது 0.800 மிச்சம். இனி ஃப்ளோர் ஒன்றுதான். இருவர் விழுந்து, முன்னிலை கரைந்து, எதிரணி பக்கத்திலேயே நிற்கிறது. இந்த நிலையில் மூவரும் தரைவிரிப்பில் ஏறி எடுத்தது: உரஸோவா 13.366, மெல்னிகோவா 13.966, லிஸ்துனோவா 14.166. ஒருவர் கூட விழவில்லை. விக்டோரியா லிஸ்துனோவாவுக்கு அப்போது பதினாறு வயது. 2005-இல் பிறந்தவர், ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனதால் மட்டுமே வயதுத் தகுதி பெற்றவர்.

பிரிகீத்கா விழாமல் இருக்கக் கற்றுத்தருகிறது என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவள் விழுந்த பிறகு, உன் பெயரை அழைக்கும்போது, நேற்று முகாமில் கையைத் தூக்கி வணங்கியது போலவே வணங்கிவிட்டு ஏறுவது எப்படி என்பதைக் கற்றுத்தருகிறது. 1992 பார்சிலோனாவுக்குப் பிறகு அந்த நாட்டுப் பெண்கள் வாங்கிய முதல் அணித் தங்கம் இது; பார்சிலோனாவிலும் ரஷ்யா என்ற பெயரில் அல்ல, முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டு அணி என்ற பெயரில்.

கணக்குப் பிள்ளை: டோக்கியோவிலும் ரஷ்யா என்ற பெயர் இல்லையே.

இல்லைதான். ஊக்கமருந்து விவகாரத் தண்டனையால் 'ரஷ்ய ஒலிம்பிக் குழு' என்ற பெயரில் வந்தார்கள். தேசிய கீதத்துக்குப் பதில் சைக்கோவ்ஸ்கியின் பியானோ இசை ஒலித்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் 'ரஷ்ய ஒலிம்பிக் குழு' என்று எழுத எனக்குப் பொறுமை இல்லை.

பிரகாஷ்: பிச்சை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அதிர்ஷ்டம் என்பேன்.

சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்தவர்.

இளங்கோ, பாண்டிச்சேரி: ஆண்களைப் பற்றி யாருமே கேட்கவில்லையே?

நானும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அதே டோக்கியோ. ரஷ்யா 262.500, ஜப்பான் 262.397. ஆறு கருவி, பதினெட்டு நிகழ்ச்சி, முடிவில் 0.103 வித்தியாசம். ஒருவருடைய கால் விரல் ஒரு முறை மடங்கினால் 0.1 என்று மேலே சொன்னேனே, அவ்வளவுதான். 1996 அட்லாண்டாவுக்குப் பிறகு கால் நூற்றாண்டு காத்திருந்து கிடைத்த தங்கம்.

அந்த நால்வரில் ஆர்தர் தலலோயனுக்கு ஏப்ரலில் குதிகால் நரம்பு, அதாவது அகிலிஸ் தசைநாண், அறுந்தது. போட்டி ஜூலையில். மூன்று மாதத்தில் ஒலிம்பிக் மேடையில் ஆறு கருவிகளிலும் நின்றார். 2018 தோஹாவில் உலகச் சாம்பியன் பட்டத்தைச் சீனாவின் ஸியாவ் ரூதெங்கோடு சரிசமமாக, இருவரும் 87.598 எடுத்து, சமன் முறிப்பு விதியால் வென்றவர். அவரை விட்டுவிட்டுப் போக அணிக்கு மனம் வரவில்லை. எல்லோரும் அதை வீரம் என்றார்கள். எனக்கு வயிறு கலங்கியது. முகினாவின் கதையைச் சொன்ன அதே வாயால் இதைப் புகழ எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு வேறுபாடு: 1980-இல் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை, 2021-இல் தலலோயன் தானே வர விரும்பினார், மருத்துவமும் வெகுதூரம் வந்திருந்தது. தைத்த நாண் தாங்கியது. தாங்காமல் போயிருந்தால் இன்று வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம்.

பானு: ரஷ்யாவின் அலியா முஸ்தஃபினா காயத்திலிருந்து எப்படி மீண்டார்?

2011 ஏப்ரல், பெர்லின், ஐரோப்பியச் சாம்பியன் போட்டி. வால்ட் இறக்கத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. பதினாறு மாதத்தில் லண்டன் ஒலிம்பிக். அவர் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், முழங்காலைக் கொல்லும் அந்த வால்ட்டைத் திரும்பப் பிடிக்க முயலவில்லை, எளிதானதற்கு மாறினார். காலுக்கு வேலை குறைவாக உள்ள பாரில் உழைப்பைக் கொட்டினார். லண்டனில் பார் தங்கம் உட்பட நான்கு பதக்கம். 2016 ரியோவிலும் பார் தங்கம் அவருக்கே. 2017-இல் குழந்தை பெற்று, 2018-இல் திரும்பி வந்து உலகப் போட்டியில் அணி வெள்ளியும் வாங்கினார்.

ஸ்ரீதர்: சிட்னியில் கோர்கினாவுக்கு நடந்தது சதியா?

சதி இல்லை, சோம்பல். 2000 சிட்னி, பெண்கள் தனிநபர் இறுதி. வால்ட் குதிரை 125 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், 120-இல் வைத்துவிட்டார்கள். பாதிப் பேர் குதித்து முடிக்கும் வரை யாருக்கும் தெரியவில்லை. ஸ்வெத்லானா கோர்கினா முதல் கருவியில் முன்னிலையில் இருந்தவர். ஓடி வந்து கை வைத்தால், கை எதிர்பார்த்த இடத்தில் குதிரை இல்லை. முழங்காலில் விழுந்தார். கலங்கிப்போய் அடுத்து பாரில், தன் ராஜ்ஜியத்தில், அங்கேயும் விழுந்தார். பிறகு 'வால்ட்டை மறுபடி செய்யலாம்' என்றார்கள். பாரில் போனது போனதுதானே? மறுத்துவிட்டார்.

ஆயிரம் முறை ஒரே உயரத்தில் குதித்துப் பழகிய உடம்புக்கு ஐந்து சென்டிமீட்டர் என்பது படிக்கட்டில் இல்லாத ஒரு படி. நான் நடுவராகப் போன இடமெல்லாம் பையில் அளவு நாடா இருக்கும். ஒரு மாவட்டப் போட்டியில் வால்ட் மேசை எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்ததை அளந்து சொன்னபோது, ஏற்பாட்டாளர் ஒருவர் 'சார், இது என்ன ஒலிம்பிக்கா?' என்றார். 'ஒலிம்பிக்கிலும் இப்படித்தான் சார்' என்றேன்.

நித்யா: ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தால் குள்ளமாகிவிடுவார்களாமே?

குள்ளமானவர்களுக்குச் சுழல்வது எளிது, அதனால் அவர்கள் மேலே வருகிறார்கள். கூடைப்பந்து ஆடினால் உயரம் வரும் என்பதும் இதே மயக்கம்தான். கோர்கினாவின் உயரம் சுமார் 165 சென்டிமீட்டர்.

ஒரு தந்தை, சேலம்: என் மகனுக்கு எட்டு வயது. கால் விரிப்புக்காகச் சுவரோரம் உட்கார வைத்து, பின்னாலிருந்து...

மேலே படியுங்கள். வீட்டில் அமுக்காதீர்கள்.

ஷாஜகான்: 2022-க்குப் பிறகு ரஷ்யர்களுக்குப் போட்டியே இல்லையே. எதற்காகத் தயாரானார்கள்?

உக்ரைன் மீது படையெடுத்ததையடுத்து 2022 மார்ச்சில் சர்வதேசக் கூட்டமைப்பு அவர்களைத் தடை செய்தது. தடை அமலுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு தோஹாவில் இவான் குலியாக் என்ற ரஷ்ய வீரர், போரை ஆதரிக்கும் அடையாளமான 'இஸட்' எழுத்தை மார்பில் ஒட்டிக்கொண்டு, உக்ரைன் வீரரின் பக்கத்தில் பதக்க மேடையில் நின்றது நினைவிருக்கும். அவருக்குத் தனியாக ஓராண்டுத் தடை. 2024 தொடக்கத்திலிருந்து கொடியில்லாமல், நடுநிலை வீரராக வரலாம் என்று கதவு திறந்தது. போரை ஆதரித்தவர்களுக்கும் ராணுவத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கும் அந்தக் கதவு மூடியே இருந்தது. யுனார்மியா என்ற ராணுவ இளைஞர் அமைப்புக்குத் தலைமை வகித்த நிகிதா நாகோர்னி போன்றவர்களுக்கு அது பெரிய தடை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ரஷ்ய ஆர்ட்டிஸ்டிக் வீரர் ஒருவரும் இல்லை.

இதில் என் மனம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. குண்டு விழும் ஊரில் பயிற்சி செய்யும் உக்ரைன் பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்தால் தடை நியாயம். பதினேழு வயதில் உச்சத்தை எட்டி இருபதில் முடிந்துபோகும் ஆட்டத்தில் நான்கு ஆண்டு என்பது ஒரு முழு வாழ்க்கை என்பதும் உண்மை.

அந்த ஆண்டுகளில் அவர்கள் உள்நாட்டிலேயே போட்டியிட்டார்கள்: ரஷ்யச் சாம்பியன் போட்டி, ரஷ்யக் கோப்பை, பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் ஸ்பார்தகியாத். முழுக்க முழுக்க நீண்ட பிரிகீத்கா என்று சொல்லலாம். ஒரே நடுவர்கள், ஒரே முகங்கள். நடுவர் பழகியவராக இருந்தால் மதிப்பெண் தாராளமாக ஊறும். அப்படி ஊறிய மதிப்பெண்ணை நம்பி வெளியே வருபவர்கள் அடிபடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஆங்கெலினா மெல்னிகோவா விஷயத்தில் தவறாக நினைத்துவிட்டேன். 2021 கிட்டாக்யூஷுவில் உலகச் சாம்பியன். அதன் பிறகு உலகப் போட்டியே இல்லை. 2025 அக்டோபரில் ஜகார்த்தாவில் கொடியில்லாத உடையில் வந்து, இருபத்தைந்து வயதில், மறுபடி தனிநபர் தங்கம். அமெரிக்காவின் லியான் வோங்கைவிட 0.1 புள்ளி மட்டும் அதிகம். 2021-லும் இரண்டாம் இடம் அதே வோங்தான்.

பிரகாஷ்: 2021 கிட்டாக்யூஷுவிலும் பைல்ஸ் வரவில்லை. 2025 ஜகார்த்தாவிலும் வரவில்லை. சும்மா சொல்கிறேன்.

பிரகாஷ், உங்களுக்கு இன்றைய கணக்கு முடிந்துவிட்டது.

ரிப்பன் ரசிகை: தினா அவேரினாவுக்கு டோக்கியோவில் அநீதி...

ரிதமிக்.

ஒரு அம்மா, திருச்சி: ஐயா, அமுக்கவில்லை. காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து, அவளாகவே உட்கார்ந்தால்?

ஒரு தலையணைகூட வேண்டாம் அம்மா. அவளை முதலில் தோப்புக்கு அழைத்துப்போய் மரம் ஏற விடுங்கள்.